சோல்தாரி சிப்பி மேடு

சாத்தம் படகுத்துறை

சாத்தம் துறையிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகில் முதலில் ஜல்லி லாரி ஏறுகிறது, அடுத்து ஜீப், பிறகு இடுக்குகளில் ஸ்கூட்டர்கள். கடைசியில் மிச்ச இடம் ஆட்களுக்கு. மீன் கூடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், அரசு அலுவலர்கள், கோழிக்கூண்டோடு ஒரு பாட்டி என எல்லோரும் நிற்கிறார்கள். பின்னால் 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை. ஈர மரத்தூள் வாசனை பாதித் தண்ணீர் வரைக்கும் கூட வருகிறது. இடப்பக்கம் தூரத்தில் வைப்பர் தீவு. செல்லுலார் ஜெயில் எனப்படும் கூண்டுச்சிறை கட்டப்படுவதற்கு முன்பு கைதிகளைத் தூக்கிலிட்ட இடம் அது.

இங்கே பெயர்கள் நிற்பதில்லை. ராஸ் தீவு 2018இல் நேதாஜியின் பெயருக்கு மாறியது. மவுண்ட் ஹாரியட் 2021இல் மவுண்ட் மணிப்பூர் ஆனது. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. படகில் வந்தவர்கள் மட்டும் எல்லாவற்றையும் பழைய பெயரிலேயே சொன்னார்கள்.

அந்தமானுக்கு வருகிறவர்கள் பவளப்பாறை பார்க்க வருவார்கள், இல்லாவிட்டால் சிறையைப் பார்க்க. நான் சோல்தாரியில் ஒரு குப்பை மேட்டைப் பார்க்க வந்தேன். தெற்கு அந்தமானின் பழங்குடிகள் பல நூறு ஆண்டுகள் தின்று போட்ட சிப்பியும் எலும்பும் உடைந்த சட்டியும் சேர்ந்து உயர்ந்த மேடு. அந்த வாரம் முழுக்க நான் படித்துக்கொண்டிருந்தது எகிப்தியப் பிரமிடுகளைப் பற்றி. ஒரு சமூகத்தை அதன் கல்லறையை வைத்து அறிவதா, அடுப்படியை வைத்து அறிவதா என்ற கேள்வி கூடவே வந்தது.

பாம்பூஃப்ளாட்

கரை இறங்கியதும் கடைத்தெரு. தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளம் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன. கடைக்காரரும் வாடிக்கையாளரும் வேறு வேறு மொழிக்காரர்கள் என்றால் இருவரும் தீவு இந்திக்கு மாறிக்கொள்கிறார்கள். இங்கிருந்து விம்பர்லிகஞ்ச் பக்கம் போனால் மண்ணார்காடு என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு இங்கே அனுப்பப்பட்ட மாப்பிளைக் கைதிகள், மஞ்சேரி, வண்டூர், திரூர் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையும் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள்.

துறைக்கு அருகில் இருந்த சாப்பாட்டுக் கடையில் பரோட்டாவும் சூரை மீன் குழம்பும். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் சூரையை நன்றாகப் புளி கரைத்து வைப்பார்கள். இங்கே புளி குறைவு, தேங்காய் அதிகம், மேலே கறிவேப்பிலையோடு கொஞ்சம் கடுகெண்ணெய் வாசனையும். ராமநாதபுரத்துக் கை, மலபார்த் தேங்காய், வங்காள எண்ணெய். கடைக்கார அக்காவிடம் கேட்டேன். "யார் வந்து உட்கார்றாங்களோ அவங்க நாக்குக்கு ஒரு பங்கு வைக்கணும்ல தம்பி" என்றார்.

எதிர் பெஞ்சில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். அப்பா காலத்திலேயே சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நான் எங்கே போகிறேன் என்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நான் இத்தனை வருஷம் உலக வரலாறு எடுத்தேன் தம்பி. பிரமிடு படம் வரைன்னா எந்தப் பிள்ளையும் வரைஞ்சிடும். மம்மி எப்படிச் செய்யறதுன்னுகூடச் சொல்லும். சோல்தாரியிலே என்ன இருக்குன்னு கேளுங்க, முழிக்கும். அதுக மேல தப்பில்லை. பாடத்துல இல்ல, நானும் சொல்லிக் குடுக்கல."

"பிரமிடு அளவுக்குப் பெரிசா இருந்தா சொல்லியிருப்பீங்களோ சார்?"

"உயரத்தைப் பார்த்துத்தானே மதிப்பு குடுக்கறோம்" என்று சிரித்தார். போகும் வழியில் மவுண்ட் ஹாரியட் மலையையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னதும் அவர்தான்.

ஹோப் டவுன்

பாம்பூஃப்ளாட்டிலிருந்து பானிகாட் பக்கம் கரையோரமாகப் போனால் ஹோப் டவுன். இப்போது தென்னையும் சில வீடுகளும் அமைதியான கடலும்தான். 1872 பிப்ரவரி 8 அன்று இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு மலைமேல் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இந்தத் துறைக்கு இறங்கி வந்தார். படகில் ஏறும் முன் ஷேர் அலி என்ற பட்டாணியக் கைதி அவரைக் கத்தியால் குத்தினான். பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர்தான்.

மேயோவின் உடலைக் கெடாமல் பதப்படுத்திக் கப்பலேற்றி அயர்லாந்து வரை கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். ஷேர் அலியை அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். அதே துறைமுகத்தைச் சுற்றி அப்போது வாழ்ந்த ஆகா-பேயா என்ற அந்தமானியக் குழுவினருக்கு இறந்தவரைப் பேண வேறொரு முறை இருந்தது. உடலை மண்ணில் புதைப்பார்கள். மதிப்புக்குரியவர் என்றால் மரத்தின்மேல் பரண் கட்டி வைப்பார்கள். சில மாதங்கள் கழித்து எலும்புகளை எடுத்துக் கழுவி, செம்மண் பூசி, மாலையாகக் கோத்து உறவினர் அணிந்துகொள்வார்கள். மண்டையோட்டைக்கூடக் கயிற்றில் கட்டி மனைவியோ தாயோ முதுகில் தொங்கவிட்டுக்கொள்வது உண்டு. இறந்துபோனவர் வீட்டு வேலைகளுக்கு நடுவே கூடவே இருப்பார்.

எகிப்தியர் உடல் அழியாதிருந்தால்தான் மறுமை என்று நம்பினார்கள். அதனால் குடலை எடுத்துச் சாடிகளில் வைத்தார்கள், உடலை உப்பில் உலர்த்தினார்கள், மேலே மலையளவு கல்லை அடுக்கினார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆதிச்சநல்லூரில் பெரிய தாழிக்குள் எலும்பையும் நெல்லையும் சட்டியையும் வைத்து மூடினார்கள். செத்தவரை விட்டுவிட மனமில்லாதது எல்லா இடத்திலும் ஒன்றுதான். எகிப்தியர் அதற்குக் கல்லைத் தேடினார்கள், நாம் மண்ணைப் பிசைந்தோம், அந்தமானியர் தங்கள் கழுத்தையே கொடுத்தார்கள். கழுத்தில் கிடந்தது கழுத்தோடு போய்விடும். பின்னால் வருகிறவன் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

மவுண்ட் ஹாரியட்

மலைப்பாதை முழுக்கக் காடு. ஏறி நின்றால் கீழே நார்த் பே விரிகிறது. கலங்கரை விளக்கமும் தென்னைகளும் கடலும் கொண்ட இந்தக் காட்சிதான் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருந்தது. பையில் ஒரு நோட்டு வைத்திருந்தவர்கள் எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். 1891 ஆங்கிலேய-மணிப்பூர்ப் போருக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங்கும் அவருடைய ஆட்களும் இந்த மலையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். மலையின் புதுப்பெயருக்குக் காரணம் அதுதான்.

எதிர்க்கரையில் தெரிவது போர்ட் பிளேர். அங்கே இருக்கும் கூண்டுச்சிறையை 1896 முதல் 1906 வரை பத்தாண்டுகளில் கட்டினார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகுகள், மூன்று தளம். தங்களைப் பூட்டும் அறைகளைக் கைதிகளே செங்கல் சுமந்து எழுப்பினார்கள்.

பிரமிடைப் பற்றியும் நாம் வெகுகாலம் இப்படித்தான் நினைத்திருந்தோம். கூஃபுவின் பெரிய பிரமிடு கட்டிய காலத்தில் ஏறத்தாழ 146 மீட்டர் உயரம், சுமார் 23 லட்சம் கற்கள், வயது நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். லட்சம் பேர் முறைவைத்து இருபது ஆண்டுகள் உழைத்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். சாட்டையடி பட்டு அடிமைகள் கல் இழுக்கும் காட்சியைச் சினிமா சேர்த்துக்கொண்டது.

அந்தப் படத்தை மாற்றியது பிரமிடின் கல் இல்லை, அதன் தெற்கே மண்ணுக்குள் கிடந்த குப்பைதான். மார்க் லேனர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு அங்கே தொழிலாளர் குடியிருப்பையும் ரொட்டி சுட்ட அடுப்புகளையும் தோண்டி எடுத்தது. கிடைத்த எலும்புகளை எண்ணிப் பார்த்தபோது மாடும் ஆடும் தாராளமாகத் தின்றிருந்தார்கள் என்று தெரிந்தது. அதிலும் இளம் காளைகளின் எலும்பு நிறைய. 1990இல் அருகிலேயே தொழிலாளர்களின் கல்லறைகளும் வெளிப்பட்டன. அரசனின் கல்லறை நிழலில் அடிமைக்கு யார் கல்லறை கட்டுவார்கள்? 2013இல் செங்கடல் கரையில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில் மேரர் என்ற மேற்பார்வையாளர், துரா சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கீஸாவுக்குக் கொண்டுசேர்த்ததை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார்.

ஹெரோடோட்டஸே இன்னொன்றும் சொல்கிறார். வேலையாட்களுக்கு வாங்கிய முள்ளங்கி, வெங்காயம், பூண்டுக்கு மட்டும் 1,600 தாலந்து வெள்ளி செலவானதாகப் பிரமிடில் எழுதியிருப்பதாக அவருக்கு மொழிபெயர்ப்பாளர் படித்துக் காட்டினாராம். அது உண்மையோ கதையோ, அத்தனை பெரிய கல் மலையின் முன்னால் நின்றபோது சாப்பாட்டுக் கணக்கைக் காதில் வாங்கிக்கொள்ள அவருக்குத் தோன்றியிருக்கிறது.

சோல்தாரி

பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஸ்டூவர்ட்கஞ்ச், விம்பர்லிகஞ்ச், ஃபெரார்கஞ்ச் என்று சாலை வளைந்து வளைந்து போகிறது. பாக்குத் தோப்பு, நெல்வயல், திடீரென்று இருண்ட காடு. ஒவ்வொரு ஊரின் பெயரிலும் ஏதோ ஓர் ஆங்கில அதிகாரியின் பெயர் ஒளிந்திருக்கிறது. ஆகா-பேயாக்கள் இந்த இடங்களை அழைத்த பெயர்களைக் கேட்டால் சொல்ல ஆளில்லை.

சோல்தாரியில் எனக்கு வழிகாட்டியவர் ஒரு பாக்குத் தோட்டக்காரர். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காடு வெட்ட அழைத்துவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளை. அலையாத்திக் காட்டின் விளிம்பில், செடி மூடிக் கிடந்த ஒரு மேட்டைக் கைகாட்டினார். அவருடைய கோழிகள் அதன்மேல் மேய்ந்துகொண்டிருந்தன. "முட்டை ஓடு கெட்டியாக இருக்கணும்னா சிப்பித் தூள் வேணும். அதுங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்" என்றார் இந்தியில்.

முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். சாதாரண மண்மேடு. மழை அரித்த ஓரத்தில் குந்தி உட்கார்ந்த பிறகுதான் அது பிரிந்து தெரிந்தது. கறுப்பு மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சிப்பி. சாம்பல் கோடு ஒன்று. மறுபடி சிப்பி. நீளமாகக் கூம்பி நிற்கும் அலையாத்தி நத்தையின் கூடுகள் பலவற்றுக்கு நுனி இல்லை. கல்லால் ஒரே தட்டில் நுனியை உடைத்துவிட்டு மறுமுனையில் உறிஞ்சினால் சதை வழுக்கிக்கொண்டு வரும். உடைத்த விளிம்பு இன்னும் கூராக இருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சட்டித் துண்டு, உள்பக்கம் கருகல். எவளோ ஒருத்தியின் சட்டி அடிப்பிடித்திருக்கிறது. எதையும் எடுக்காமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

இந்த மேடுகளைப் பற்றி 1870லேயே ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற இயற்கை ஆய்வாளர் கல்கத்தா ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். 1950களின் தொடக்கத்தில் இத்தாலிய மானிடவியலாளர் லிடியோ சிப்ரியானி நடு அந்தமானில் ஒரு மேட்டை வெட்டிப் பார்த்தார். அடியில் பன்றி எலும்பே இல்லை, மேலே வரவரப் பன்றி எலும்பு வந்தது. சட்டிகளோ அடியில் நேர்த்தியாகவும் மேலே வரவர முரடாகவும் இருந்தன. பன்றி இந்தத் தீவுகளுக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது என்றும், ஒரு கைத்திறன் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்தது என்றும் அந்தக் குப்பை அடுக்கே சொல்லிவிட்டது.

பிறகு 1980களில் தொல்லியலாளர் ஸரீன் கூப்பர் தீவுத் தீவாக நடந்து இந்த மேடுகளைக் கணக்கெடுத்தார். சோல்தாரி மேட்டின் அடி அடுக்குக்குக் கரிமக் கணிப்பில் சுமார் 2,200 ஆண்டு வயது என்று தெரியவந்தது. அதாவது ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் மக்கள் வாழ்ந்த காலத்தை ஒட்டி, இங்கே ஒரு கூட்டம் சிப்பி அவித்துத் தின்றுகொண்டிருந்தது. அந்தமானியர் வந்தது அதற்கும் வெகு முன்னால். 2005இல் ஹைதராபாத் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜும் குழுவினரும் மரபணுவை வைத்து அந்த வருகையைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோனார்கள். அப்போது கடல் மட்டம் வேறு. பழைய கரையில் மேடுகள் இருந்திருந்தால் அவை இப்போது தண்ணீருக்குள்.

மேடு உயர்ந்த விதமும் அவர்களுடைய வாழ்க்கையைச் சொல்கிறது. நடுவில் ஆட்டக்களம், சுற்றிலும் குடிசைகள், ஓரத்தில் குப்பை. ஒரு இடத்தில் சில காலம் தங்குவார்கள். இரை குறைந்தாலோ நாற்றம் தாங்காவிட்டாலோ நகர்வார்கள். பருவம் திரும்பும்போது அதே இடத்துக்கு வருவார்கள். நெருப்பு உண்டாக்கத் தெரியாது, அணையாமல் காக்கத் தெரியும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். போகுமிடமெல்லாம் கொள்ளியைச் சுமந்தே போவார்கள். நெல் கிடையாது, களஞ்சியம் கிடையாது, அரசன் கிடையாது. உபரி இருந்தால்தானே ஒருவனுக்காக இருபது வருடம் கல் சுமக்க ஆளைத் திரட்ட முடியும்? நைல் நதி வண்டலும் கோதுமையும் வரியும் எழுத்தரும் இல்லாமல் பிரமிடு இல்லை.

ஆனாலும் சோல்தாரி மேடு சின்னதென்று ஒதுக்க முடியவில்லை. பிரமிடு ஒரு அரசன் தன்னை எப்படிப் பார்க்கச் சொன்னான் என்பதைக் காட்டுகிறது. இந்த மேட்டை யாரும் யாருக்கும் காட்டுவதற்காக எழுப்பவில்லை. எழுப்புகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. பொய் சொல்லும் அவசியமே இல்லாத சாட்சி இது.

மேல் அடுக்குகளில் வெள்ளைக்காரர் வந்த பிறகான தடயங்கள் கிடைத்த மேடுகளும் உண்டு. சாராயப் புட்டியின் கண்ணாடியைச் சில்லு சில்லாகப் பெயர்த்துச் சவரக்கத்தி ஆக்கியிருக்கிறார்கள். உடைந்த கப்பலின் இரும்பைத் தட்டி அம்புமுனை செய்திருக்கிறார்கள். புட்டிக் கண்ணாடிக்கு மேலே அடுக்கே கிடையாது. மேடு அங்கே நின்றுவிடுகிறது.

ஃபீனிக்ஸ் பே

சிப்பிகாட் வழியாக நகரத்துக்குத் திரும்பினேன். 2004 ஆழிப்பேரலையின்போது நிலம் தாழ்ந்ததில் உப்புநீர் ஏறிய வயல்கள் இன்னும் சதுப்பாகவே கிடக்கின்றன. ஃபீனிக்ஸ் பே பகுதியில் இருக்கும் மானிடவியல் அருங்காட்சியகத்துக்குப் போனபோது கூட்டமில்லை. வில், கூடை, ஆமை வேட்டை ஈட்டி, பழைய புகைப்படங்கள்.

மேடு ஏன் நின்றது என்பதற்கு விடை இங்கே சுவரில் எண்ணாக இருக்கிறது. 1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது ஆகா-பேயாக்கள் உள்ளிட்ட பெரிய அந்தமானியர் பல ஆயிரம் பேர். 1859 மே 17 அன்று இதே நகரத்தின் அபர்தீனில் வில்லோடு துப்பாக்கியை எதிர்த்துப் பார்த்தார்கள். 1877இல் தட்டம்மை பரவியது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19. இன்று ஸ்ட்ரெய்ட் தீவில் வைக்கப்பட்டிருப்பவர்கள் ஐம்பதை ஒட்டித்தான். பிரமிடு கட்டியவர்களின் வாரிசுகள் கோடிக்கணக்கில் கெய்ரோவில் பேருந்து ஏறிக்கொண்டிருக்கிறார்கள். சோல்தாரியில் சிப்பி உடைத்த ஆகா-பேயாக்களின் மொழியைப் பேச இன்று ஒருவரும் இல்லை. அவர்களின் உறவுக் குழுவான ஆகா-போவின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார்.

எங்கள் பக்கத்துக் கொற்கையில் உழும்போது சங்குத் துண்டும் சிப்பியும் இன்றைக்கும் வரும். சங்க காலத் துறைமுகம் அது. இப்போது கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அந்தச் சிப்பியை எடுத்து "இது எங்க ஊரு" என்று சொல்ல நாங்கள் இருக்கிறோம். கீழடியில் ஒரு பானை ஓடு கிடைத்தால் அன்று மாலையே தமிழ்நாடு முழுக்கச் செய்தி ஆகிறது. சோல்தாரி மேட்டுக்கு அப்படி உரிமை கொண்டாட ஆளில்லை. நான் போன வழியில் ஒரு அறிவிப்புப் பலகைகூடக் கண்ணில் படவில்லை.

அந்தமான் போகிறவர்கள் ஒரு நாளில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். பழங்குடிகளைப் பார்க்கக் காட்டுக்குள் போக வேண்டாம். அது சட்டப்படி குற்றம், மனிதத் தன்மைக்கும் அடுக்காது. அருங்காட்சியகத்துக்குப் போங்கள், சிப்பி மேடுகளைப் பற்றிக் கேளுங்கள். கேட்பவர் எண்ணிக்கை கூடினால்தான் வேலியும் பலகையும் வரும், பாம்பூஃப்ளாட் பள்ளியின் பாடத்திலும் ஒரு பக்கம் வரும். மேட்டின் அருகே நிற்க வாய்த்தால் நினைவுக்கென்று ஒரு சிப்பியையும் எடுக்காதீர்கள். ஒரு சமூகம் விட்டுச்சென்ற ஒரே ஆவணத்தில் ஒரு பக்கத்தைக் கிழிப்பதும் அதுவும் ஒன்றுதான்.